கையை ஊனாதே, கண்ணு

கண்ணு,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். நீ நல்லா இல்லைன்னு எனக்குத் தெரியும். நான் எப்படி இருக்கறேன்னு இந்தக் கடுதாசியைப் படிச்சு முடிக்கறப்ப உனக்குத் தெரிஞ்சுரும். கோயமுத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல சின்னப் புள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக் குடுக்கற வேலை, உங்க கோச் மேடமே சொல்லி வாங்கிக் குடுத்த வேலை, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்னு கேட்டிருக்கற வேலை. அதை வேண்டாம்னு சொல்லப் போறேன்னு ஞாயித்துக்கிழமை உங்கம்மாகிட்ட போன்ல சொன்னயாம். ஏன் சாமின்னு அவ கேட்டதுக்கு, "விழத் தெரியாதவ சின்னப் புள்ளைகளுக்கு விழறதை எப்படிம்மா சொல்லித் தருவா?"ன்னயாம். சொல்லிட்டு டக்குனு போனை வெச்சுட்டே. நான் மேட்டுக்கு ஏறி, பலா மரத்துக்கிட்ட டவர் கிடைக்கற எடத்துல நின்னு ஆறு தடவை கூப்பிட்டேன். ஆறு தடவையும் எடுக்கலை. ஏழாவதுக்கு ஒரு பொம்மை அனுப்பினே, கையெடுத்துக் கும்பிடற பொம்மை. நான் என்ன கோயில்ல நிக்கற சாமியா, கும்பிட்டு அனுப்பறதுக்கு? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைப் பள்ளத்துல வீசியிருப்பேன். உங்கம்மாவோட போன் ஆச்சேன்னு விட்டுட்டேன்.

அதனாலதான் எழுதறேன். பத்தாவதோட நின்ன படிப்பு, மிளகு பறிச்சுப் பறிச்சு வெறைச்சுப் போன விரல், எழுத்து கோணலாத்தான் வரும், பொறுத்துக்கோ. காலைல மலை எறங்கற பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்து விடறேன், நாமக்கல்ல நீ வேலை பார்க்கற செல்போன் கடையிலேயே கொண்டாந்து குடுத்துருவார். ஒண்ணு மட்டும் சொல்லிப் போடறேன். நீ எதையும் கடைசிப் பக்கத்துல இருந்து படிக்கறவ. சின்ன வயசுல கதைப் புத்தகத்தைக்கூட அப்படித்தான் படிப்பே. இதை முதல்ல இருந்து படி. அஞ்சு வருசமா உன்கிட்டச் சொல்லாம முழுங்கி வெச்சிருந்த ஒரு சங்கதி இதுல நடுவுல வருது. அங்க போய்ச் சேர எனக்கே கொஞ்ச தூரம் நடக்கணும், அவசரப்படுத்தாதே.

நீ ஏழாவது படிக்கறப்ப, கீழே விடுதிப் பள்ளிக்கூடத்துல என்னை ஜூடோவுக்கு எடுத்துட்டாங்கன்னு வந்து குதிச்சே. ஜூடோன்னா என்னன்னு எனக்கும் தெரியாது, உங்கம்மாவுக்கும் தெரியாது. ஆளைத் தூக்கிப் போடற வித்தைன்னு நீதான் சொன்னே. சரி, பொம்பளப் புள்ளை நாலு பேரைத் தூக்கிப் போடக் கத்துக்கிட்டா நல்லதுதானேன்னு அனுப்பி வெச்சேன். மூணு மாசம் கழிச்சு லீவுக்கு வந்தே. எங்கே கண்ணு, கத்துக்கிட்டதைக் காட்டுன்னேன். காப்பிக்கொட்டை காயப் போடற களத்துல நாலு சாக்கை விரிச்சுப் போட்டு, மல்லாக்க விழுந்து, ரெண்டு கையாலயும் தரையை டப்புனு அடிச்சே. எந்திரிச்சே. மறுபடியும் விழுந்தே. டப்பு. கோழியெல்லாம் சிதறி ஓடுது. மூணு மாசமா இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களான்னு கேட்டா, "ஆமாங்கப்பா"ன்னு பெருமையா வேற சொல்றே. அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு மேல் ஊட்டுப் பெரியப்பா, நான் உங்கம்மாளைப் போட்டு அடிக்கறேன்னு நினைச்சுக் கையில தடியோட ஓடியாந்தார். "ஏண்டா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"ன்னு என் சட்டையைப் புடிச்சுக்கிட்டு, அப்புறந்தான் சாக்கு மேல கெடந்த உன்னைப் பார்த்தார். உங்கம்மா சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எனக்குச் சிரிப்பு வரலை. ஒரு வாரம் அந்தப் பெரியப்பா மூஞ்சியிலேயே நான் முழிக்கலை.

அடுத்த தடவை கீழே எறங்கினப்ப நேரா உங்க மேடத்தைப் போய்ப் பார்த்தேன். "ஏனுங்க மேடம், விழறதுக்கா என்ற புள்ளையை இத்தனை தூரம் அனுப்பி வெச்சேன்? எங்க மலையில விழறதுக்கு எடமா இல்லைங்க?"ன்னு கேட்டேன். அந்தம்மா கோவிச்சுக்கலை. "ஆளை எறியறதை ஒரு மாசத்துல சொல்லிக் குடுத்துரலாமுங்க. இதுக்குத்தான் நாளாகும். கீழே போறப்ப உடம்பு தன்னால கையை ஊனப் பார்க்கும். அதை மறக்க வைக்கணும்"னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. கையை ஊனாம எவனாவது விழுவானா? தாடையை நெஞ்சோட ஒட்டணுமாம், கண்ணு இடுப்புல கட்டின பெல்ட்டைப் பார்க்கணுமாம், கையால தரையை அடிக்கணுமாம், ஆனா தரையைப் புடிக்கக் கூடாதாம். பஸ்ஸுல வளைவு வளைவா ஏறி வர்ற வரைக்கும் எனக்குள்ளயே பேசிக்கிட்டு வந்தேன். பக்கத்துல உட்கார்ந்தவர் எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டார்.

என்ற தொழில்ல சட்டம் வேற, கண்ணு. உனக்குத் தெரியாதது இல்லை. சில்வர் ஓக் மரத்துல ஏறிப் படர்ந்த மிளகுக்கொடி, கால் வெக்கறதுக்குக் கணுவை மட்டும் விட்டுச் செதுக்கின ஒத்தை மூங்கில் ஏணி, இடுப்புல ஒரு சாக்கு. முப்பதடி உசரத்துல நிக்கறவனுக்கு இருக்கறது ஒரே சட்டந்தான், புடிச்ச கையை விடாதே. வழுக்குனா கிடைச்சதைப் புடி. ஒண்ணும் கிடைக்கலைன்னா கையை ஊனு, மண்டையாவது தப்பிக்கும். நம்ம மலையில, தேவனூர் நாட்டுல மிளகு பறிக்கற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க. எட்டு வயசுல உன்னை ஏணியில ரெண்டு கணு ஏத்தி விட்டு நான் முதல்ல சொன்னதும் இதுதான். அதனால நீ லீவுக்கு வர்றப்பல்லாம் நான் உன்னைச் சும்மா விடலை. நீ களத்துல விழுவே, நான் பக்கத்துல நின்னுக்கிட்டு "கையை ஊனு, கையை ஊனு"ன்னு கத்துவேன். "கையை ஊனுனா கை உடையுமுங்கப்பா"ன்னு நீ சொல்லுவே. "உடைஞ்சா கைதானே, போனாப் போகுது"ன்னு நான் சொல்லுவேன். உனக்கு அழுகையே வந்துரும். உங்க மேடம் வருசம் பூராவும் உன் உடம்புல இருந்து அழிச்சதை, நான் லீவுக்கு லீவு உட்கார்ந்து மறுபடியும் எழுதி விட்டேன். இந்தப் புள்ளைக்கு இத்தனை பிடிவாதம் எங்கிருந்து வந்துச்சுன்னு ஊர்ல கேப்பாங்க. அவங்களுக்குக் கண்ணு இல்லையா, என்னைப் பார்த்தா தெரியலையான்னு நினைச்சுக்குவேன்.

இப்ப சேலத்துக்கு வர்றேன். உனக்குப் பதினேழு வயசு. மாநில அணிக்கு ஆள் எடுக்கற போட்டி. அப்பா நீங்க வரணும்னு நீ மூணு தடவை கேட்டே. "மிளகு பழுத்துக் கொட்டுது, நீ விழறதைப் பார்க்க நான் சேலத்துக்கு வரணுமா?"ன்னு சொன்னேன். நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டே. நான் வரலைன்னுதான் இன்னைக்கு வரைக்கும் உனக்குத் தெரியும்.

நான் வந்தேன், கண்ணு.

நீ போன மூணாம் நாள் விடிகாலை பஸ்ஸைப் புடிச்சு எறங்கினேன். உங்கம்மாகிட்டக்கூட ராசிபுரத்துல சோலின்னு பொய் சொன்னேன். வரமாட்டேன்னு வீராப்பாச் சொல்லிட்டு உன் முன்னால வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு. அதனால மேல, கடைசி வரிசையில, தூணுக்குப் பின்னால போய் உட்கார்ந்துக்கிட்டேன். ரெண்டு பேரை நீ தூக்கிப் போட்டதைப் பார்த்தேன். ஆத்தாடி, என்ற புள்ளையா இதுன்னு இருந்துச்சு. பக்கத்துல இருந்தவர்கிட்ட "அது எங்க ஊட்டுப் புள்ளைங்க"ன்னு சொல்லிட்டேன். மூணாவதா வந்தவ உன்னைவிட வாட்டசாட்டமா இருந்தா. அவளும் உன் சட்டையைப் புடிக்கறா, நீயும் விடலை. புள்ளியில நீதான் முன்னாடி இருக்கறேன்னு பக்கத்துல இருந்தவர் சொன்னார். அப்பப் பார்த்து அவ உள்ளே புகுந்து, இடுப்புல போட்டு, உன்னை ஒரே தூக்காத் தூக்கிட்டா. உன் ரெண்டு காலும் மேல போச்சு. எனக்கு அது ஜூடோவாத் தெரியலை. ஏணி சரியறதாத்தான் தெரிஞ்சுது. எந்திரிச்சு நின்னு கத்தினேன். மிளகுத் தோட்டத்துல ஒரு மரத்துல இருந்து பள்ளத்துல இருக்கற இன்னொரு மரத்துக்குக் கேக்கற மாதிரி கத்துவேனே, அந்தக் கத்து. "கையை ஊனு, கண்ணு! கையை ஊனு!"

உன் வலது கை தரைக்குப் போச்சு. ஊனினே. எலும்பு உடைஞ்ச சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டுச்சு.

எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. உங்க மேடம் ஓடினாங்க. நானும் எறங்கி ஓடியிருக்கணும். நான் வெளியே ஓடினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, மலையடியில காளப்பநாயக்கன்பட்டி வந்து, கடைசி பஸ்ஸைப் புடிச்சு ஊட்டுக்கு வந்து, கையைக் காலைக் கழுவிட்டு உட்கார்ந்துட்டேன். அதுக்கப்புறந்தான் அக்கம்பக்கத்துப் போனுக்கு விசயம் வந்துச்சு. உங்கம்மா ஓன்னு அழுதுக்கிட்டு இருக்கா. நானும் அப்பத்தான் கேள்விப்பட்டவனாட்டம் "ஐயோ என்னாச்சு"ன்னு கேட்டேன். மறுநாள் அவளைக் கூட்டிக்கிட்டு ஆசுபத்திரிக்கு வந்தேன். நீ கையில பெரிய கட்டோட படுத்திருந்தே. என்னைப் பார்த்ததும் முதல்ல என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? "அப்பா, மேல போனப்ப உங்க குரல் கேட்டுச்சுங்கப்பா. கையை ஊனுன்னு சொன்னீங்க"ன்னே.

அப்ப நான் சொன்ன பதில் இருக்குதே, அதுக்கு இந்தக் கையை உடைச்சாலும் தகும். "பிரமை, சாமி. பயத்துல அப்படித்தான் இருக்கும்"னேன். உன் தலையைத் தடவிக் குடுத்துக்கிட்டே சொன்னேன். நீ அதை அப்படியே நம்பிட்டே. அஞ்சு வருசமா ஜூடோவுல என்ற பேச்சு எதையும் நம்பாதவ, அந்த ஒத்தைப் பேச்சை மட்டும் நம்பினே.

அதுக்கப்புறம் ஒரு வருசம் நீ பட்ட பாட்டை உங்க மேடம் எனக்குச் சொல்லியிருக்காங்க. எலும்பு கூடிருச்சு, ஆனா விழறப்பல்லாம் கை தன்னால ஊனப் போச்சு. அவங்க எவ்வளவோ பார்த்தாங்க. நீதான், எனக்குள்ள பயம் பூந்துருச்சு, இல்லாத குரலெல்லாம் கேக்குது, இனி நான் சரிப்பட மாட்டேன்னு சொல்லிட்டு, பையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னே. வெள்ளைச் சட்டையையும், ஜூடோ எழுதி வெச்சிருந்த நோட்டையும் பரண்ல வீசினே. உங்கம்மா கேட்டா, பெரியப்பா கேட்டார். நான் மட்டும் கேக்கலை. புள்ளை விருப்பம், விடுங்கன்னு பெரிய மனுசனாட்டம் சொன்னேன். எனக்கு வாய் இருந்துச்சு கண்ணு. வேண்டாத எடத்துல அத்தனை உசரத்துல இருந்து கத்தத் தெரிஞ்ச வாய்தான். வேணுங்கற எடத்துல தொறக்கலை. பயம். நீ என்னை அப்பான்னு கூப்பிடாமப் போயிருவியோன்னு பயம். உனக்குப் பயம் பூந்துருச்சுன்னு நீ சொல்லிக்கிட்டுத் திரியறே, பயந்தாங்கொள்ளி யாருன்னு இப்பப் பார்த்துக்கோ.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், நீ சிரிச்சாலும் சரி. நீ கடை வேலைக்குப் போனதும் அந்த நோட்டைப் பரண்ல இருந்து எடுத்தேன். படம் போட்டு எழுதி வெச்சிருக்கறயே, ஒண்ணொண்ணாப் பார்த்தேன். கையை ஊனாம விழ முடியுமா முடியாதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்னு இருந்துச்சு. உங்கம்மா தீவனம் அறுக்கப் போற நேரமாப் பார்த்து, களத்துல சாக்கை விரிச்சு விழுந்தேன். முதல் நாள் குந்தின எடத்துல இருந்து சாயறதுக்கே கை பின்னால போயிருச்சு. சரி நாளைக்குன்னேன். நாளைக்கும் போச்சு. எட்டு மாசம் கண்ணு, எட்டு மாசம்! நான் வேண்டாங்கறேன், அது போகுது. கையைக் கயித்துல கட்டிப் போட்டுரலாமான்னு எரிச்சலா வந்துச்சு. ஒரு நாள் உங்கம்மா சீக்கிரம் திரும்பிட்டா. களத்துல மல்லாக்கக் கெடந்து தரையை அடிக்கற என்னைப் பார்த்துட்டு, தீவனக் கட்டைப் போட்டுட்டு, "ஏனுங்க, பேய் கீய் புடிச்சிருக்குதா?"ன்னா. முதுகு வலிக்கு டாக்டர் சொன்னார்னு ஒரு பொய். பொய்க்கு மேல பொய். கீழே போறப்ப கையை நீட்டறது கோழைத்தனம் இல்லை, கண்ணு, கை இருக்கற எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. எட்டு மாசம் விழுந்து இதைத் தெரிஞ்சுக்கிட்டேன். உங்க மேடம் முதல் நாளே சொன்னது இது. எனக்கு ஏறினது அப்பத்தான்.

போன மாசம் மிளகு பறிக்கறப்ப ஏணி லேசாச் சறுக்குச்சு, கையில சிராய்ப்புன்னு சொன்னேன் பாரு, அதுவும் முழுசா நெசம் இல்லை. முந்தின நாள் தூத்தல், மரமெல்லாம் பாசி. எறங்கி வந்துக்கிட்டு இருந்தேன், ரெண்டாள் உசரம் இருக்கும், ஏணி அப்படியே சுத்திக்கிட்டுப் போயிருச்சு. அந்த நேரத்துல எனக்கு என்ற சட்டம் ஒண்ணும் ஞாபகம் வரலை. புடிச்சிருந்த கொடியை விட்டுட்டேன். தாடை தன்னால நெஞ்சுக்குப் போச்சு, கண்ணு இடுப்புச் சாக்கைப் பார்த்துச்சு, முதுகு சருகுல விழுந்தப்ப ரெண்டு கையும் டப்புனு தரையை அடிச்சுது. பறிச்ச மிளகெல்லாம் காப்பிச்செடிக்குள்ள சிதறிப் போச்சு. எந்திரிச்சு உட்கார்ந்தேன். கை இருக்குது, கால் இருக்குது, மண்டை இருக்குது. ஒரு வாரம் முதுகு புடிச்சுக்கிட்டுது, அவ்வளவுதான். கூட மிளகு பறிச்சவன் ஓடியாந்து, "எப்படிங்கண்ணா தப்பிச்சீங்க?"ன்னான். என்ற புள்ளை சொல்லிக் குடுத்துச்சுன்னு சொன்னேன். சொல்லிட்டு அந்தச் சருகுலயே உட்கார்ந்து, அவன் முன்னாலயே அழுதேன். அவன் வலியில அழறேன்னு நினைச்சுக்கிட்டு எண்ணெய் எடுக்க ஓடினான்.

அன்னைக்கே உனக்கு எழுதியிருக்கணும். நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே வந்தேன். ஞாயித்துக்கிழமை நீ போனை வெச்சதும், இதுக்கு மேல தள்ள முடியாதுன்னு உங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ மரவள்ளிக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தா. கத்தியைக் கீழே வெச்சா. "என்ற புள்ளை அஞ்சு வருசமாத் தன்னைத்தானே திட்டிக்கிட்டுக் கெடந்திருக்குது. நீங்க மூணு வேளையும் சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்கீங்க"ன்னா. அப்புறம், "எழுதுங்க. எழுதி முடிச்சுட்டு என்கிட்டப் பேசுங்க"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. இன்னைக்கு மூணாம் நாள். சோறு போடறா, பேச்சில்லை. குழம்புல உப்பும் இல்லை. கேக்கற யோக்கியதை எனக்கு இல்லைன்னு அப்படியே முழுங்கறேன்.

என்னை மன்னிச்சுருன்னு கேக்கறதுக்கு இதை எழுதலை. திட்டு. நேர்ல வந்து திட்டு, மேல் ஊட்டுப் பெரியப்பாவையும் தடியோட கூப்பிட்டுக்கோ, இந்தத் தடவை நியாயமாத்தான் இருக்கும். ஆறு மாசம் பேசாம இரு, ஒரு வருசம் இரு, அது நம்ம ரெண்டு பேருக்குள்ள. ஆனா வெள்ளிக்கிழமையை அதுல இழுக்காதே. விழத் தெரியாதவன்னு உன்னை நீயே ஒதுக்கி வெச்சிருக்கறயே, அதை எதை வெச்சு முடிவு பண்ணினே? நான் சொன்ன ஒரு பொய்யை வெச்சு. உனக்குப் பிரமையும் இல்லை, பயமும் இல்லை. இருந்த குரல்தான் கேட்டுச்சு. அப்பன் சொன்னதைப் புள்ளை கேட்டுச்சு, அவ்வளவுதான் அன்னைக்கு நடந்தது. அதுக்கப்புறமும் கை போச்சேன்னு சொல்லுவே. போகும். எனக்கு எட்டு மாசம் போச்சு. கை எப்படிச் சொல்பேச்சுக் கேக்காமப் போகும்னு தெரிஞ்ச டீச்சர் அந்தப் புள்ளைகளுக்குக் கிடைக்கறது நல்லதுதானே? உன் நோட்டைப் பார்த்து அம்பத்தேழு வயசுக் கிழவன் கத்துக்கிட்டான், அதுவும் என்னை மாதிரி ஒரு மொரண்டன். ஏழு வயசுப் புள்ளைக கத்துக்காதுகளா?

நோட்டையும் இதோட வெச்சு அனுப்பறேன். ஓரத்துல மிளகுக் கறை இருக்கும், திட்டாதே. போயி வேலைக்கு வர்றேன்னு சொல்லு. அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துல பெத்தவங்க வந்து பார்க்கற நாள்னு ஒண்ணு வெப்பாங்க. நீ கூப்பிட்டா வர்றேன். தூணுக்குப் பின்னால இல்லை, முன்னால, உன் கண்ணுல படற எடத்துல உட்கார்ந்துக்கறேன். வாயில துண்டை வெச்சு அடைச்சுக்கறேன். எந்தப் புள்ளை எவ்வளவு உசரத்துல இருந்து விழுந்தாலும் நான் கத்த மாட்டேன். அந்தப் புள்ளைக உன் குரலை மட்டும் கேட்டு விழட்டும்.

இப்படிக்கு,
அன்னைக்குச் சேலத்துல கடைசி வரிசையில இருந்த உன்ற அப்பன்